தீவுத்திடலைச் சுற்றி ஓடிய காசு

தெருவில் நடக்கும் கார் பந்தயங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பதில் சொல்பவன் யார் என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். புதுப்பேட்டையில் முப்பத்தெட்டு வருடமாகக் கார் பட்டறை வைத்திருப்பவன். தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டுநர்களுக்குச் சைகைக் கொடி பிடித்தவன். வேறு தகுதி எதுவும் கிடையாது.

சென்னையில் நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்துக்குப் போனீர்களா? எப்படி இருந்தது?
*கல்லூரி மாணவர், கோவில்பட்டி*

போனேன் தம்பி. தெரியாதவர்களுக்கு: ஃபார்முலா 4 என்பது இளம் ஓட்டுநர்களுக்கான கீழ்ப் படி, உச்சிப் படி ஃபார்முலா 1. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1, சனி ஞாயிறு. நான் போனது ஞாயிற்றுக்கிழமை. பட்டறையிலிருந்து தீவுத்திடல் நடக்கிற தூரம்தான்.

கொடிமரச் சாலை எனக்கு வீட்டுத் திண்ணை மாதிரி. ரிப்பேர் பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்க அந்தப் பக்கம்தான் எடுத்துப் போவேன். இரண்டு பக்கமும் மரம், ராணுவ வளாகம், நடுவில் நேர் ரோடு. இருந்தாலும் மூன்றாவது கியரைத் தாண்ட மனசு வராது. அதே ரோட்டில் கான்கிரீட் தடுப்புக்கும் கம்பி வலைக்கும் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், ஒரு பொடியன் கியரை மேலே மேலே தட்டிக்கொண்டு போன சத்தம் கேட்டபோது புல்லரித்தது. அதை மறைக்க மாட்டேன். தீவுத்திடலில் கிளம்பி, அண்ணா சாலையைத் தொட்டு, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரை கிலோமீட்டர். நேப்பியர் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் ரேஸ் கார் போவதைப் பார்ப்பேன் என்று, சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முந்தின நாள் கதை வேறு. பந்தயம் 2023 டிசம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது, மிக்ஜாம் புயலும் வெள்ளமும் வந்து தள்ளிப்போனது. நடுவில் உயர் நீதிமன்றத்தில் வழக்கு. கடைசியில் நடக்கிற அன்றைக்கும் மழை. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. டிராக்கைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் ஓட்டலாம். அதற்கு நீதிமன்றம் வைத்த கெடு மதியத்திலிருந்து இரவு 8 மணிக்கு நீண்டது. ரோடு காயவும் காகிதம் வரவும் ஊரே காத்திருந்தது.

நாய் ஒன்று டிராக்குக்குள் ஓடி வந்ததும் செய்தியானது. 2011-ல் நொய்டாவுக்கு ஃபார்முலா 1 முதன்முதலாக வந்தபோதும் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் நாய் புகுந்து, கார்களை நிறுத்தச் சிவப்புக் கொடி காட்டினார்கள். அதற்கு வெளிநாட்டுப் பத்திரிகைகள் சிரித்தன. நான் சிரிக்கவில்லை. தெரு நாய்க்கு அது தெருதானே.

காசு இல்லாமல் ரேஸ் எப்போது நடந்தது? இப்போது மட்டும் வணிகமயம் என்று ஏன் கூச்சல்?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி*

நியாயமான கேள்வி, ஐயா. சோழவரத்தில் நான் சின்னப் பையனாக வேலி ஓரம் நின்றபோதே டயர் கம்பெனி பேனர் கண்ணை மறைக்கும். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை. புழுதி, வெயில், கையில் வேர்க்கடலைப் பொட்டலம். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா 1 காரைக் கொண்டுவந்து அங்கே ஓட்டினார். அதுவும் காசு காட்டிய வேடிக்கைதான். வெளிநாட்டில் 1968-லேயே இங்கிலாந்தின் லோட்டஸ் அணி தன் நாட்டுப் பந்தய நிறமான பச்சையை அழித்துவிட்டு சிகரெட் பெட்டியின் நிறத்தைக் காருக்குப் பூசிவிட்டது. ரேஸ்காரனைப் பார்த்து 'நீ காசுக்கு ஓடுகிறாய்' என்பது, மீன்காரியைப் பார்த்து 'உன் கூடையில் மீன் வாசம்' என்பது மாதிரி.

என் கணக்கு வேறு. அன்றைக்குக் காரின் மேல் ஒட்டி விற்றார்கள். சரக்கு காரும் டயரும் சிகரெட்டும். இன்றைக்கு விற்கிற சரக்கு ஊர்.

ஒரு நிரந்தர டிராக் கட்ட என்ன வேண்டும்? முதலில் நிலம். நொய்டாவில் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளத்தில் புத் டிராக்கைக் கட்டினார்கள். அருமையான டிராக். 2011, 12, 13 மூன்று வருடம் ஃபார்முலா 1 நடந்தது. மூன்றிலும் ஜெர்மனி ஓட்டுநர் வெட்டல்தான் ஜெயித்தார். அப்புறம் இது விளையாட்டா கேளிக்கையா என்று வரித் தகராறு, பணத் தகராறு, ஃபார்முலா 1 மூட்டை கட்டிவிட்டது. டிராக் மட்டும் அங்கேயே கிடக்கிறது. இப்படி ஊருக்கு வெளியே நூற்றுக்கணக்கான ஏக்கரை வளைத்துப்போட்டால் பராமரிப்புச் செலவு தலைமேல் உட்காரும். டிவியில் பார்த்தாலும் வயல்வெளியும் வெறும் கேலரியும்தான் தெரியும்.

தெருப் பந்தயத்தில் அந்தத் தொல்லை இல்லை. ரோடு ஏற்கெனவே இருக்கிறது, நம் வரிப்பணத்தில் போட்டது. கேமராவுக்குப் பின்னணியாகப் பாலம், கோபுரம், கடல் எல்லாம் இலவசம். ஓட்டல்கள் பக்கத்திலேயே. பந்தயக் கம்பெனி வாடகைத் தடுப்பைக் கொண்டுவந்து வைத்து, மூன்று நாள் கழித்துக் கழற்றிக்கொண்டு போய்விடும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அதற்கு மேல் அரசாங்கமே பணமும் போடுகிறது. நம் ஊரிலும் அரசு ஒதுக்கிய தொகை 40 கோடிக்கு மேல், நீதிமன்றத்தில் வாதாடப்பட்டதில் முக்கியமான விஷயம் அது. ஃபார்முலா 1-க்கு இது உலகம் பூராவும் வழக்கமான வரவு. பந்தயம் நடத்தும் ஊர் கட்டணம் கட்ட வேண்டும். பெர்னி எக்கிள்ஸ்டன் பல வருடம் நடத்தி வளர்த்த கடை அது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் லிபர்டி மீடியா அதை வாங்கியது. அவர்கள் ஊடகக்காரர்கள், படம் எங்கே நன்றாக விழும் என்று தெரிந்தவர்கள். 2022-ல் மயாமியில் ஒரு ஸ்டேடியத்தின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிப் பந்தயம் வைத்தார்கள். படகுத் துறை இருந்தால் அழகாக இருக்கும் என்று பலகை அடித்து, அதில் தண்ணீர் மாதிரிப் படம் ஒட்டி, மேலே நிஜப் படகுகளை நிறுத்தினார்கள். நம் கல்யாண மண்டப வாசலில் தெர்மாகோல் அன்னம் வைப்பதை இனி யாரும் கிண்டல் செய்யக் கூடாது.

எங்கள் சிங்கப்பூரில் 2008 முதல் இரவுப் பந்தயம் நடக்கிறது. ஓட்டல் நிரம்புகிறது, ஊர் பெயர் உலகமெல்லாம் தெரிகிறது. இதில் என்ன தப்பு?
*வாசகர், சிங்கப்பூர்*

தப்பு என்று சொல்ல மாட்டேன். இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்ட ஊர் உங்களுடையதுதான். ஏற்பாட்டுச் செலவில் 60 சதவீதம் வரை அரசு, மீதி நடத்துபவர் என்று வெளிப்படையான பங்கு. பந்தயத்தால் கூடுதலாகச் சம்பாதிக்கிற ஓட்டல்களிடம் தனி வரி வாங்குகிறார்கள். லாபம் வருகிறவனிடமே வசூலிப்பது எனக்குப் பிடித்த விஷயம். நம் பக்கம் லாபம் ஒருவனுக்குப் போகும், டைவர்ஷன் போர்டு மட்டும் எல்லாருக்கும் வரும்.

முதல் இரவுப் பந்தயம் ஏன் இரவில் நடந்தது தெரியுமா? உங்கள் விளக்குகள் அழகு என்பதும் ஒரு காரணம். இன்னொன்று டிவி. சிங்கப்பூரில் இரவு 8 மணி என்றால் ஐரோப்பாவில் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பார்க்கத் தோதான நேரம். ஆசிய ஊர் ஐரோப்பியக் கடிகாரத்துக்குக் கண் விழித்தது.

அதே முதல் வருடம் நெல்சன் பிகே ஜூனியர் என்ற ஓட்டுநர் வேண்டுமென்றே சுவரில் மோதினார். விபத்து என்றால் எல்லாக் கார்களின் வேகமும் கட்டுப்படும். அவருடைய அணிக்காரர் அலோன்சோ ஜெயிப்பதற்காக மேலிடம் சொல்லிச் செய்தது என்று மறுவருடம் வெளியே வந்தது. அப்புறம் அமைச்சராக இருந்த ஈஸ்வரன் விவகாரம். உங்கள் ஊருக்குப் பந்தயத்தைக் கொண்டுவந்து நிலைநிறுத்தப் பேச்சுவார்த்தை நடத்தியவர்களில் முக்கியமானவர். தொழிலதிபர்களிடமிருந்து பரிசுகள் வாங்கிய வழக்கில் 2024 அக்டோபரில் அவருக்கு 12 மாதச் சிறை. அந்தப் பரிசுகளில் பந்தய டிக்கெட்டுகளும் இருந்தன. அமைச்சரையே கூண்டில் நிறுத்திய ஊர் என்ற மரியாதையோடுதான் சொல்கிறேன். ஆனால் பந்தயம் வந்தால் டிக்கெட் வரும், டிக்கெட் வந்தால் இனாம் டிக்கெட்டும் வரும். எந்த ஊரிலும் அதை யார் யார் வாங்கினார்கள் என்ற பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது.

ரேஸால் ரோடாவது நல்லா ஆச்சே?
*ஆட்டோ ஓட்டுநர், சிந்தாதிரிப்பேட்டை*

ஆச்சு. கேரம் போர்டு மாதிரி ஆச்சு. எங்கள் பட்டறைச் சந்துக்கும் ஒரு ரேஸ் வைக்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.

லாஸ் வேகாஸ் பந்தயத்தில் பாதாள சாக்கடை மூடி காரை உடைத்தது என்று படித்தேன். இரும்பு மூடி எப்படி எழுந்து வரும்?
*எட்டாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்*

இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் பாப்பா! நீ நோட்டில் வரைந்துகொள்.

இந்தக் காலத்து ஃபார்முலா 1 காரின் அடிப்பாகம் தரையிலிருந்து சில சென்டிமீட்டர்தான் உயரம். கார் வேகமாகப் போகும்போது அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்று பாய்கிறது. இடுக்கில் காற்றின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும். மேலே இருக்கிற காற்று காரை ரோட்டோடு அமுக்கும். அதனால்தான் அவ்வளவு வேகத்தில் வளைவில் திரும்ப முடிகிறது. ஆனால் அந்த உறிஞ்சல் காரை மட்டும் கீழே இழுக்காது, கீழே கழன்று கிடப்பதை மேலேயும் இழுக்கும். மாடியில் காயப்போட்ட தட்டை காற்று தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பாய். தட்டுக்குப் பதில் இங்கே இரும்பு மூடி.

அதனால் தெருப் பந்தயத்துக்கு முன்னால் வழியிலுள்ள மூடிகளை எல்லாம் தேடித் தேடி வெல்டிங் வைப்பார்கள், அல்லது கான்கிரீட்டால் இறுக்குவார்கள். ஊர்த் தெருவில் மூடி ஒன்றா இரண்டா? தண்ணீர், சாக்கடை, மின்சாரம், டெலிபோன் என்று ஆளுக்கொரு மூடி. ஒன்று தப்பினால் போச்சு. 2019-ல் அஜர்பைஜானின் பாக்கூ நகரத்தில் ஜார்ஜ் ரஸ்ஸல் என்ற ஓட்டுநரின் காருக்கு இதேதான் நடந்தது. அடிபட்ட காரை ஏற்றிக்கொண்டு வந்த கிரேன் லாரி ஒரு பாலத்தில் இடித்து, தன் எண்ணெயை அந்தக் கார் மேலேயே கொட்டியது. அந்த மெக்கானிக்குகளை நினைத்து இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

லாஸ் வேகாஸில் நடந்தது 2023 நவம்பர். முதல் பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீர் வால்வு மூடி ஒன்று பெயர்ந்து, ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரி காரைக் கிழித்தது. பயிற்சி ரத்து. அடுத்த பயிற்சி விடியற்காலை இரண்டரை மணிக்கு. அதற்கு முன்னாலேயே டிக்கெட் வாங்கியவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். காலி கேலரிக்கு முன்னால் கார்கள் ஓடின. இதில் உச்சம் என்னவென்றால், பேட்டரியை மாற்ற வேண்டியிருந்ததால் சைன்ஸுக்கே பந்தயத்தில் கிளம்பும் வரிசையில் பத்து இடம் பின்தள்ளித் தண்டனை. பள்ளம் ரோட்டில், அபராதம் வண்டிக்காரனுக்கு. இது நமக்குப் புதிதா?

ரோட்டை மூடினால் கடைக்காரர்களுக்கு யார் பதில் சொல்வது? வெளிநாட்டில் எப்படி?
*டிபன் கடை நடத்தும் வாசகி, திருவல்லிக்கேணி*

வெளிநாட்டிலும் உங்கள் கதைதான் அம்மா. அதே லாஸ் வேகாஸில் பந்தயத்துக்காகப் போட்ட தற்காலிகப் பாலத்தால் வாடிக்கையாளர் வர வழியில்லாமல் போனது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நஷ்டஈடு கேட்டு வழக்கு வரை போனார்கள். அது பணக்கார ஊர், தெரியும்தானே. பெலாஜியோ ஓட்டல் நீரூற்றுக்கு முன்னால் கேலரி போட மரங்களை வெட்டினார்கள். விடியற்காலையில் வெளியே அனுப்பப்பட்ட, அந்த ஒரு நாள் டிக்கெட் வாங்கியவர்களுக்கு 200 டாலர் கூப்பன் தருகிறோம் என்றார்கள். அதையும் அவர்கள் கடையிலேயே தொப்பி, பனியன் வாங்கித்தான் கழிக்க வேண்டும். சாம்பாரில் பல்லி விழுந்தது என்றால் அதே ஓட்டலில் இன்னொரு சாம்பார் இலவசம் என்பது மாதிரி.

அந்தப் பந்தயத்தைப் பற்றி ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் சொன்னது: 99 சதவீதம் ஷோ, 1 சதவீதம் விளையாட்டு. சொல்லிவிட்டு அவர்தான் ஜெயித்தார்.

நம் ஊரைப் பொறுத்தவரை எனக்கு டிபன் கடையைவிடப் பெரிய கவலை ஆஸ்பத்திரி. அண்ணா சாலையும் சிவானந்தா சாலையும் சேரும் பக்கத்தில்தான் ஓமந்தூரார் அரசு மருத்துவமனை. ஆம்புலன்ஸுக்கு வழி எது, சத்தத்துக்குத் தடுப்பு எது என்று வழக்குப் போட்டவர்கள் கேட்டதை 'வளர்ச்சிக்கு எதிரி' என்று சிலர் திட்டினார்கள். படுக்கையில் அப்பா இருந்தால் யாரும் அப்படித் திட்ட மாட்டார்கள்.

மொனாக்கோவும் தெருப் பந்தயம்தானே? அதை மட்டும் ஏன் கொண்டாடுகிறார்கள்?
*வாசகர், காரைக்கால்*

1929-லிருந்து நடக்கிறது, பாட்டிக்கு மரியாதை. பந்தயமாகப் பார்த்தால் தூக்கம் வரும். கார்கள் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் அகலத்துக்கு வளர்ந்துவிட்டன, ரோடு வளரவில்லை. 2024-ல் முதல் பத்து பேரும் கிளம்பிய வரிசையிலேயே முடித்தார்கள். அதற்கு ரேஷன் கடை வரிசையே தேவலை, நடுவில் ஒருவனாவது புகுவான்.

நடத்தத் தொடங்கி நின்றுபோன ஊர்கள் உண்டா?
*வாசகர், ஓசூர்*

ஹைதராபாத் இருக்கிறதே பக்கத்தில். 2023 பிப்ரவரியில் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா இ. அடுத்த வருடத்துக்குள் ஆட்சி மாறியது, பந்தயம் ரத்து, பணம் கொடுத்த விதத்தைப் பற்றி வழக்கு. ஸ்பெயினில் வலென்சியா: மக்களுக்கு ஒரு காசும் செலவில்லை என்று சொல்லி 2008-ல் தொடங்கி, ஐந்து பந்தயத்தோடு 2012-ல் நின்றது. கடனும் வழக்கும் மிஞ்சின. வியட்நாமின் ஹனோய் இன்னும் பாவம். டிராக் தயார், 2020-ல் கொரோனா, அப்புறம் நகரத் தலைவர் கைது. ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை.

அஜித் ஓட்டுவதால்தான் நம் பசங்களுக்கு இந்தப் பைத்தியமா?
*வாசகி, மதுரை*

2010-லேயே ஐரோப்பாவில் ஃபார்முலா 2 ஓட்டியவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவது. பைத்தியம் பிடித்தால் இப்படிப் பிடிக்கட்டும், பைபாஸில் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டும் பைத்தியம்தான் வேண்டாம்.

என் மகனுக்கு 11 வயது, கார்ட்டிங் என்ற சின்ன ரேஸ் வண்டி ஓட்டுகிறான். ஊர் ஊராகத் தெருப் பந்தயம் வந்தால் அவனுக்கு வாய்ப்பு கூடுமா?
*ஒரு தாய், கோயம்புத்தூர்*

அம்மா, நீங்கள் இருக்கிற ஊருக்கு இதைப் பற்றி நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. உங்கள் ஊர் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்று குறைந்த செலவு ரேஸ் கார் ஒன்றை இங்கேயே உருவாக்கினார். நடுத்தரக் குடும்பத்துப் பையனும் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையம் பக்கம் இருக்கிற டிராக்குக்கு அவர் பெயர்தான். நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர், அவரும் உங்கள் ஊர். 2010-ல் போன கருண் சந்தோக் எங்கள் ஊர். இவர்களுக்கெல்லாம் அடித்தளம் போட்ட காலத்தில் இந்த நாட்டில் தெருப் பந்தயம் என்ற பேச்சே இல்லை.

வாய்ப்பு கூடுமா என்றால், கொஞ்சம் கூடும். விளக்கும் கேமராவும் வந்தால் ஸ்பான்சர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் உங்கள் மகனுக்கு வேண்டியது டிராக்கில் ஓட்டும் நேரம். தெருப் பந்தயத்துக்கு அவன் பயிற்சி எடுக்கவே முடியாது, திங்கட்கிழமை காலையில் அங்கே டவுன் பஸ் போய்க்கொண்டிருக்கும். அந்த 40 கோடியைக் கேட்டதும் பட்டறைக்காரன் புத்தி எங்கே போனது தெரியுமா? டயருக்கு. ஒரு பையன் ஒரு நாள் பயிற்சிக்கு ஒரு செட் டயர் தேய்ப்பான். இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து 3.7 கிலோமீட்டர் டிராக் இருக்கிறது. பள்ளிக்கூடப் பையன்களுக்கு மாதம் இரண்டு நாள் டிராக் வாடகையும் டயரும் யாராவது கொடுத்தால் எத்தனை வருடம் ஓடும் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். பக்கம் போதவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். அப்பா லேத் வைத்திருந்தார். பையன் நல்ல கை, மழையில் இன்னும் நல்ல கை. ஒரு கம்பெனி ஒரு சீசனுக்கு ஸ்பான்சர் என்று சொல்லி, காரில் ஸ்டிக்கரும் ஒட்டி, போட்டோவும் எடுத்துக்கொண்டது. இரண்டாவது சுற்றுக்குப் பிறகு போனை எடுக்கவில்லை. அப்பா லேத்தை விற்றார். பையன் இப்போது டெலிவரி வேனை ஓட்டுகிறான், என் பட்டறையில்தான் சர்வீஸ். இன்றைக்கும் அவன் வண்டியில் பிரேக் பேடு இரண்டு மடங்கு நாள் வரும், அவ்வளவு சுத்தமான கால்.

அதனால் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். ஹெல்மெட்டில் மட்டும் காசு பார்க்காதீர்கள், பழசு வாங்கவே வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டி நடக்கும்போது மகனை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள். நிழலுக்குக் குடையும் சாப்பாட்டுக்குத் தயிர்சாதமும் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும், உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும். முதல் வளைவில் கொடி பிடிக்கிறவர் என் பழைய கூட்டாளி. புதுப்பேட்டை பட்டறைக்காரர் அனுப்பினார் என்று சொன்னால், இடைவேளையில் பையனைக் கூட்டிப்போய் எந்த இடத்தில் பிரேக் அடிக்க வேண்டும் என்று காட்டுவார்.